2018-19 சென்னை சிட்டி சீசன்: நேரில் பார்த்தவர்கள் வாங்க, பேசலாம்

காந்திபுரத்தான்

சென்னை சிட்டி ஃபுட்பால் அணி ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் ஆடிய அந்த சீசனை, கோவை நேரு ஸ்டேடியத்தில் தொடக்கத்திலிருந்தே பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கேலரியில் வழக்கமாக வந்த முகங்களில் பாதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள்.

பெயர் சென்னை சிட்டி, ஆடுவது கோவையில். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தேசிய லீக்கான ஐ.எஸ்.எல்.லில் 'சென்னையின் எஃப்.சி.' என்ற அணி இருந்தது, இந்த அணியை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கோ அந்தப் பெயரே இடித்தது. அதற்கு முந்தைய ஐ-லீக் சீசனில் 10 அணிகளில் 8-வது இடம் வேறு. அதனால் 2018 அக்டோபரில் முதல் மேட்சில் இந்தியன் ஆரோஸை 4-1 என்று அடித்து, பெட்ரோ மான்சி ஹாட்ரிக் போட்டபோதும் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஆரோஸ் என்பது முழுக்க இளம் பையன்கள் அணி. "சின்னப் பசங்கள அடிச்சுட்டு என்னங்ணா பெருமை" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நியாயமான பேச்சுதான்.

மாற்றம் மெதுவாகத்தான் தெரிந்தது. கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா, கோல்கீப்பர் சந்தானா என்று ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடியவர்களை வைத்து ஒரு முதுகெலும்பு. நம்மில் யாரும் கேள்விப்பட்டிராத பெயர்கள். சந்தானா காலில் பந்து இருக்கும், எதிரணி ஸ்ட்ரைக்கர் பாய்ந்து வருவார், கேலரியில் நாங்கள் "தூக்கி அடிங்கப்பா!" என்று கத்துவோம். அவர் கொஞ்சமும் பதறாமல் பக்கத்தில் இருக்கும் டிஃபெண்டருக்குத் தட்டிவிடுவார். அங்கிருந்து நாலைந்து சின்னச் சின்னப் பாஸ், பந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். ஜனவரி வாக்கில் பார்த்தால் அதே ஆட்கள் "இருங்க, இருங்க, அவசரப்படாதீங்க" என்று புதிதாக வந்தவர்களை அடக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால், கோப்பையைவிட அதுதான் பெரிய விஷயம். எங்கள் கேலரிக்கு ஃபுட்பால் பார்க்கத் தெரிந்துவிட்டது.

அப்புறம் அந்தக் கடைசி நாள், 2019 மார்ச் 9. அதற்கு முந்தைய மேட்சில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்று, முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டிய கதையை இழுத்துவிட்டார்கள். எங்களுக்கு 40 பாயின்ட், கோப்பைக்குப் போட்டி போட்ட கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஜெயித்தால் 3 பாயின்ட், டிரா என்றால் 1. அவர்களுக்கு அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மேட்ச். இங்கே எதிரில் நடப்புச் சாம்பியன் மினெர்வா பஞ்சாப். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள்ளேயே மினெர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் 0-1. மாங்காய் விற்றுக்கொண்டிருந்த அண்ணன்கூட "போச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தார்.

இரண்டாம் பாதியில் மான்சி பெனால்ட்டியை உள்ளே போட்டார். சரி, உயிர் வந்தது. அடுத்து கௌரவ் போரா. கோலைத் தடுக்க நிற்கும் ஸ்டாப்பர் பேக்கங்க அவர்! அந்த நாளில் இரண்டு கோல் போடுவார் என்று யார் நினைத்திருப்பார்கள்? 2-1 ஆன பிறகு ஒருவரும் கிரவுண்டை முழுசாகப் பார்க்கவில்லை. ஒரு கண் செல்போனில், கோழிக்கோடு ஸ்கோரில். நெட்வொர்க்கோ சுற்றிச் சுற்றி நிற்கிறது. அங்கே என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கோழிக்கோட்டில் குப்பை கொட்டுபவன்

நான் இருக்கிறேன் அண்ணா. வேலை இங்கே என்பதால் அன்று கோழிக்கோடு ஸ்டேடியத்தில் கோகுலம் கேரளா - ஈஸ்ட் பெங்கால் மேட்சுக்குப் போயிருந்தேன். கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்த ரசிகர்கள் சிவப்பு-மஞ்சள் கொடியோடு ஒரு பக்கம் முழுக்க நின்றார்கள். பாவம், அவர்கள் கடைசியாக தேசிய லீக்கை வென்றது 2003-04ல். சுற்றிலும் இருந்த மலையாளிகள் கோகுலத்துக்காகக் கத்தினார்கள், நான் கோவைக்காகக் கத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

உங்களுக்கு இரண்டாவது கோல் விழுந்த அதே சமயம்தான் இங்கே கோகுலத்தின் மார்கஸ் ஜோசப் போட்டார். 1-0. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பத்து நிமிஷம்தான். ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு பெனால்ட்டி, 1-1. கொஞ்ச நேரத்தில் ரால்டே போட்டு 2-1. இப்போது கணக்கைப் பாருங்கள்: அவர்கள் 42-க்குப் போய்விட்டார்கள். நீங்கள் மினெர்வாவிடம் இன்னொரு கோல் வாங்கினால் டிரா, 41தான். கோப்பை கொல்கத்தாவுக்கு! என் முன்னால் நின்ற வங்காளத்துப் பெரியவர் பேரனின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இங்கே நடக்கும் ஆட்டத்தை விட்டுவிட்டு கோவை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போரா போட்ட உங்கள் மூன்றாவது கோலை அவர் முகத்தில்தான் நான் பார்த்தேன். சத்தமே போடாமல் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டார். சந்தோஷத்தில் கத்த வந்தவன் அவர் பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டேன்.

காந்திபுரத்தான்

அந்த மூன்றாவது கோல் 90 நிமிஷம் தாண்டி இன்ஜுரி டைமில் வந்தது. அதுவரை எனக்கு மூச்சு இருந்ததா என்பதே சந்தேகம். 3-1. 43-க்கு 42. தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக்கை வென்ற முதல் அணி.

வியாசர்பாடி விங்

எங்கள் ஏரியாவில் சின்ன வயதிலேயே காலில் பந்தோடுதான் திரிவோம், ஆனாலும் சென்னை பெயரில் ஓர் அணி கோப்பை தூக்கியதை டிவியில்தான் பார்க்க முடிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. நம்ம ஊரில் ஆடியிருந்தால் கதையே வேறு.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் மான்சியின் 21 கோலைப் பற்றியே பேசுகிறார்கள். சர்ச்சில் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21 போட்டார், ஆனால் கோப்பை அங்கே போகவில்லையே. ஸ்பெயின்காரர்களைச் சுற்றி எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார் என்று நம்ம பையன்கள் ஓடிய ஓட்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சூப்பர் கப்பில் ஐ.எஸ்.எல். அணியான பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வென்றபோதாவது ஐ.எஸ்.எல். ஆட்கள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்தார்கள்தான், ஆனால் ஆட்களை எடுத்துக்கொண்டு போவதற்கு. நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, எட்வின் சென்னையினுக்கு, மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்கு. அந்த 2019லேயே ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவாகிவிட்டது. ஐ-லீக் சாம்பியனுக்கு அப்போது மேலே ஏற வழி இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது என்னென்னவோ கனவு கண்டோம். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1. அவ்வளவுதான் ஆசியா.

காந்திபுரத்தான்

ஏணியை எடுத்தது உண்மைதான் தம்பி, அதில் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அணியைக் கோவைக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மற்றபடி எட்வின் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மறு வருஷமே சென்னையினுக்காக ஆடி ஐ.எஸ்.எல். ஃபைனல் வரை போனாரே, அந்த அணியும் பாதி சீசன் வரை அடியில் கிடந்து எழுந்த அணிதான். அதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள், எனக்கு அந்தப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது.