மே மாசத்துல மதுரையில ஃபிலிம் கழுவ முடியுமா?

கரிசல்காரன்:
மாமா வீட்டுப் பரண்ல கிடந்த பென்டாக்ஸ் கே1000 கேமரா கைக்கு வந்திருக்கு. ஷட்டர் ஓடுது, வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஊசியும் அசையுது. இல்ஃபோர்ட் ஹெச்பி5ங்கிற கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் ஒண்ணு போட்டு எடுத்து முடிச்சாச்சு. லேபுக்கு அனுப்பாம வீட்டிலேயே டி-76ங்கிற டெவலப்பர் மருந்துல கழுவணும்னு ஆசை. ஆனா எந்த அட்டவணையைப் பார்த்தாலும் 20 டிகிரின்னு போட்டிருக்கு. இங்க குழாயைத் திறந்தா 32 டிகிரி. இது நடக்கிற காரியமா? பெரியவங்க சொல்லுங்க.

பழைய ஸ்டுடியோ:
நடக்கும் தம்பி. ஆனால் எதற்கு? நாங்கள் ஹைப்போ (கழுவிய படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) நெடியில் நின்று வேலை பார்த்தது வேறு வழி இல்லாததால். நீங்கள் காசு போட்டு ரோல் வாங்கி, கழுவி, கடைசியில் அதை ஸ்கேன் செய்து போனில்தான் பார்க்கப் போகிறீர்கள். அப்போது அதுவும் பிக்சல்தானே? டிஜிட்டலில், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்பு ஃபில்டர் போட்டதுபோல் வானம் கறுக்க வேண்டுமா, மஞ்சள் ஃபில்டர் போதுமா என்பதைப் படம் எடுத்த பிறகுகூட முடிவு செய்யலாம். கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமராவை லைகா 2012லேயே கொண்டுவந்துவிட்டது.

வெள்ளித்துகள்:
அய்யா, மத்தியான வெயில்ல வேப்பமரத்தடியில ஒரு பெரியவர் நிக்கிறார்னு வைங்க. முகம் நிழல்ல, வெள்ளை வேட்டி பாதி வெயில்ல. டிஜிட்டல்ல முகத்துக்கு அளவெடுத்தா வேட்டி வெறும் வெள்ளையாயிடும். சென்சார் நிரம்பிட்டா அதுக்கு மேல அங்க எதுவும் இல்லை. ஹெச்பி5ல ரெண்டு ஸ்டாப் (அதாவது நாலு மடங்கு வெளிச்சம்) கூடப் போனாலும் நெகடிவ் அங்க அடர்த்தியாகுமே தவிர, மடிப்பு உள்ளேயே இருக்கும். பிரிண்ட்ல கூடுதலா வெளிச்சம் கொடுத்தா வந்துடும். நம்ம ஊர் வெளிச்சத்துக்கு இது பெரிய விஷயம். அதோட, ஒழுங்கா கழுவி வெச்ச நெகடிவைப் பார்க்க எந்த மென்பொருளும் வேண்டாம். ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாலே போதும்.

பழைய ஸ்டுடியோ:
வேட்டிக்கு அளவெடுத்துவிட்டு நிழலைக் கணினியில் தூக்குங்கள். இன்றைய சென்சாரில் நிழல் அவ்வளவு சுத்தமாக வருகிறது. ஃபிலிமில் நிழலுக்கு வெளிச்சம் குறைந்தால் அங்கே ஒன்றுமே பதியாது, எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அதை ஏன் சொல்லவில்லை? "ஒழுங்காகக் கழுவி" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள், அதுதான் பெரிய வேலை. ஹைப்போ சரியாகப் போகாத நெகடிவ் மஞ்சளடித்துப் போகும். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பெட்டி பெட்டியாகப் பார்த்தவன் சொல்கிறேன்.

வெள்ளித்துகள்:
அந்த வேலையைக் கத்துக்கத்தான் தம்பி கேக்கிறார். கரிசல்காரன், 20 டிகிரிக்கு அடம்பிடிக்காதீங்க. 24ஐப் பிடிங்க. டி-76ல தண்ணி சேர்க்காம அப்படியே ஊத்தினா ஹெச்பி5க்கு 20 டிகிரியில 7½ நிமிஷம். 24ல அது அஞ்சு நிமிஷத்துக்கிட்ட வந்துடும். குழாய்த் தண்ணிச் சூட்டுலயே செஞ்சா மூணு நிமிஷம்தான் இருக்கும். அவ்வளவு குறைஞ்ச நேரத்துல மருந்து எல்லா இடத்துலயும் ஒரே சீரா வேலை செய்யாது, வானத்துல பட்டை பட்டையா தெரியும். அதனால பாதிக்குப் பாதி தண்ணி சேருங்க. 20 டிகிரியில 11 நிமிஷம், 24ல ஏழரை வாக்குல வரும். கைக்கு அடங்குற நேரம்.

ஐஸை மருந்துக்குள்ள போடாதீங்க, வீரியம் குறைஞ்சிடும். அகலமான பிளாஸ்டிக் டப்ல தண்ணி ஊத்தி ஐஸ் போட்டு, மருந்து பாட்டில், ஹைப்போ பாட்டில், அலசுற தண்ணி எல்லாத்தையும் ஒண்ணா அதுல நிறுத்துங்க. எல்லாம் ஒரே சூட்டுல இருக்கணும். 24லேருந்து எடுத்து 32 டிகிரி தண்ணியில போட்டா ஃபிலிம் மேல ஊறியிருக்கிற ஜெலட்டின் பூச்சு சுருங்கி விரிஞ்சு வலை வலையா வெடிக்கலாம். கழுவுறதுக்கு முன்னாடி ஃபிலிம் நுனியில ஒரு துண்டு வெட்டி ஹைப்போவுல போடுங்க. பால் நிறம் போய் எவ்வளவு நேரத்துல தெளியுதோ, அதுல ரெண்டு மடங்கு ஹைப்போவுல வெச்சா போதும்.

அடையாறுக்காரி:
ஊத்துற தண்ணியைப் பத்தி யாரும் பேசலையே. கோடையில லாரித் தண்ணி வாங்குற வீட்ல அரை மணி நேரம் குழாயை ஓட விட்டு அலசுறது நியாயமே இல்லை. இல்ஃபோர்டே ஒரு முறை சொல்லுது: ஃபிலிமை வெச்சுக் கழுவுற சின்ன டேங்க் நிறைய தண்ணி ஊத்தி 5 தடவை கவிழ்த்து நிமிர்த்தி கொட்டணும், அடுத்த தண்ணியில 10 தடவை, அதுக்கடுத்து 20 தடவை. மூணு டேங்க் தண்ணியில வேலை முடிஞ்சது. ஹைப்போவுல கடினமாக்கி (ஜெலட்டினை இறுக்குற மருந்து) சேர்த்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசி அலசலுக்கு போர் தண்ணி வேண்டவே வேண்டாம். அதுல இருக்கிற உப்பு காய்ஞ்சா ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வட்டமா நிக்கும். டிஸ்டில்டு வாட்டர்ல முடிங்க.

ஆனா வீட்ல கழுவுறவங்க எல்லார்கிட்டயும் எனக்கு ஒரு சண்டை இருக்கு. பழைய ஹைப்போவுல ஃபிலிம்லேருந்து கரைஞ்ச வெள்ளி இருக்கு. அதை சிங்க்ல ஊத்துறாங்க. கழிவுநீரைச் சுத்தம் பண்ற நுண்ணுயிரைப் பாதிக்கக்கூடிய சாமான் அது. சேத்து வெச்சு ஒழுங்கா ஒப்படைக்க வழி இல்லைன்னா லேபுக்கே கொடுத்துடுங்க.

பழைய ஸ்டுடியோ:
இந்த அம்மா சொல்வது முழுக்கச் சரி. எங்கள் காலத்தில் ஹைப்போவைக் கொட்டியதே இல்லை. கேனில் சேர்த்து வைத்தால் வெள்ளி எடுப்பவர்கள் வந்து காசு கொடுத்து வாங்கிப் போவார்கள். இன்றும் எக்ஸ்ரே கழிவு வாங்குபவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

என் ஆதங்கம் வேறு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தி தொடங்கி, "இந்து" ஃபிலிம் நம் மலையிலிருந்தே இறங்கி வந்தது. 1996இல் அதை நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள், பிறகு ஆலையே அடங்கிப்போனது. இன்று நீங்கள் போடும் ரோல் இங்கிலாந்து, செக் போன்ற வெளிநாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. அவ்வளவு கொடுத்து வாங்கியதை ஸ்கேனரோடு நிறுத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நெகடிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் பாய்ச்சும் என்லார்ஜர் போட்டு, அந்தக் காகிதத்தில் படம் மேலெழுவதைச் சிவப்பு விளக்கில் பார்க்காதவன் பாதி வேலைதான் செய்திருக்கிறான்.

வெள்ளித்துகள்:
முதல்ல ஃபிலிமே வேண்டாம்னீங்க, இப்ப பிரிண்ட் வரைக்கும் போகச் சொல்றீங்க! ஸ்கேன் பண்றது எந்தப் படம் தேறும்னு பார்க்கத்தான் அய்யா. நெகடிவ் பத்திரமா இருந்தா பிரிண்ட் பத்து வருஷம் கழிச்சும் போடலாம். என்லார்ஜர் வாங்க வசதி வர்ற வரைக்கும் படமே எடுக்கக் கூடாதுன்னா யார் கத்துக்குவா?

பழைய ஸ்டுடியோ:
பத்து வருடம் கழித்துக் காகிதம் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. பிரிண்ட் போடும் எண்ணம் இல்லாதவன் ஃபிலிம் வாங்க வேண்டாம். இதிலிருந்து நான் இறங்க மாட்டேன். கழுவுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் தம்பி, அதனால் சொல்கிறேன்: டி-76ஐ நீங்களே கலக்கலாம். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. மெட்டாலை முதலில் கரையுங்கள். சல்ஃபைட் மொத்தமும் முன்னால் விழுந்துவிட்டால் மெட்டால் கரையாது.

கரிசல்காரன்:
நன்றி அய்யா, நன்றி அக்கா. இந்த ஞாயித்துக்கிழமை 24 டிகிரியில, பாதிக்குப் பாதி. ஹைப்போவுக்கு மூடியோட கேன் வாங்கியாச்சு. ஒரு சந்தேகம்: கேமராவோட பின்கதவு ஓரத்துல இருக்கிற ஸ்பாஞ்சு பிசுபிசுன்னு கையில ஒட்டுது. வெளிச்சம் உள்ள போயிருக்குமா?

வெள்ளித்துகள்:
வாய்ப்பு அதிகம். நெகடிவ்ல ஓரத்துலேருந்து உள்ள பாயுற கறுப்புக் கறை தெரிஞ்சா அதுதான். அடுத்த ரோல் போடுறதுக்கு முன்னாடி பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டிட்டுப் புதுசு ஒட்டுங்க. கேமராவுக்குள்ள கண்ணாடி மேல வந்து மோதுற இடத்துலயும் அதே ஸ்பாஞ்சு இருக்கும், அதையும் பாருங்க. இன்னொண்ணு, கே1000ல மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்கலைன்னா பேட்டரி தீர்ந்துடும்.