பாட் கூடக் கூட தரவுத்தள இணைப்பு முட்டுது, வழி தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிக் கமக்காரர் அறுவடை மெஷினுக்குப் பதியிற செயலி, குபர்நெட்டீஸில (செயலியின்ர பிரதிகளை ஓட்டி நிர்வகிக்கிற மென்பொருள்) ஓடுது. அதில ஓடுற ஒவ்வொரு பிரதியும் ஒரு பாட். பெரும்போக அறுவடைக்கு விடிய 6 மணிக்கு எல்லாரும் ஒரேயடியாப் பதிவினம்.

ஒரு பாட்டுக்கு ஒதுக்கக் கேட்ட சிபியு 250 மில்லிகோர் (ஒரு கோரின்ர கால்வாசி). தானியங்கி விரிவாக்கம் (சுமை கூடேக்க பாட் எண்ணிக்கையைக் கூட்டுறது) 70 சதவீதத்தில. அது கேட்ட அளவை வைச்சுத்தான் கணக்குப் பாக்கும், உச்சவரம்பை இல்லை. அதால சராசரி 175 மில்லிகோரைத் தாண்ட 2 பாட் மளமளவெண்டு 8 ஆகுது.

சிக்கல் அதுக்குப் பிறகுதான். ஒவ்வொரு பாட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 20 இணைப்பு பிடிக்குது. போஸ்ட்கிரெஸின்ர இயல்பு எல்லை 100, அதில 3 நிர்வாகிக்கு. ஐந்தாவது பாட் 17ஓட நிண்டிடும். தயார்நிலைச் சோதனையும் (பாட் வேலைக்கு ரெடியோ எண்டு பாக்கிறது) தரவுத்தளத்தைத் தொடுறதால புதுப் பாட்டுகள் வரிசைக்குள்ள வராது, சுமை முழுக்கப் பழசுகளின்ர தலையில.

எல்லையை 300 ஆக்கலாம் எண்டுவினம். ஒவ்வொரு இணைப்பும் தனிச் செயல்முறை, ஒவ்வொண்டும் நினைவகம் எடுக்கும். 2 ஜிபி நினைவகத்தில அது ஆபத்து.

ஒரு பாட்டுக்கு 10 இணைப்பு எண்டாலும் காணாது: புதுப் பதிப்பு ஏத்தேக்க இயல்பா 25 சதவீதம், அதாவது 2 பாட் மேலதிகமா எழும்பும். மொத்தம் 10 பாட், 10 தரம் 10 திரும்ப 100; எங்களுக்குக் கிடைக்கிறது 97 தான். 9 எண்டால் 90, தப்பலாம்.

கேள்வி இதுதான்: 9ஓட சமாளிக்கிறதோ, பிஜிபவுன்சரைப் (இடையில நிண்டு கொஞ்ச இணைப்புகளை எல்லாருக்கும் பகிருற மென்பொருள்) பரிவர்த்தனை முறையில, அதாவது ஒரு பரிவர்த்தனை முடிய இணைப்பை மற்றாளுக்குக் குடுக்கிற மாதிரி, தனியா நிறுத்துறதோ? முன்தயாரித்த வினவல்கள் (prepared statements) பாவிக்கிறம், பிஜிபவுன்சர் 1.21 பதிப்பில இருந்து அந்த முறையிலயும் அதுக்கு ஆதரவு இருக்கு. நெருக்கடி நேரத்தில ஓட்டிப் பாத்த ஆக்கள் உங்கட அமைப்பு எண்களோட எழுதுங்கோ.