மாரி பிறந்தால் வளவுக்கு வரும் ஊதல்காரர் இருவர்

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த கையோடு எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்து வளவுகளில் உருண்டையாக ஒரு சீவன் வெளிக்கிடும். தொட்டால் ஊதிக்கொண்டு நிற்கும். கண்டவர்கள் "தேரை" என்று சொல்லித் தும்புத்தடியால் தள்ளிவிட்டுப் போவார்கள். அது தேரையும் இல்லை, ஒரே இனமும் இல்லை. யூபெரோடோன் என்ற தவளைப் பேரினத்தைச் சேர்ந்த இரண்டு இனங்கள் அவை: சிஸ்டோமா, டப்ரோபானிக்கஸ்.

சிஸ்டோமாவை நான் கண்டது மரவள்ளிக்கு மண் கொத்தும்போது. கொழுத்த உடம்பு, கழுத்தே இல்லை, வாயோ மிகச் சின்னது. கறையானும் எறும்பும் தின்ன அது போதும். எடுத்து ஈர மண்ணில் விட்டேன். முன்பக்கமாகத் தோண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், பின்னங்கால்களை மாறி மாறி உதைத்து, பாதத்தடியில் உள்ள தடித்த மேட்டால் மண்ணைப் பக்கத்துக்கு ஒதுக்கி, இருந்த இருப்பிலேயே பின்பக்கமாக இறங்கிவிட்டது. எங்களைப் பார்த்தபடியே போய் மறைந்த ஆள்! கோடை முழுக்க அதற்கு மண்ணுக்குள்தான் சீவியம்.

டப்ரோபானிக்கஸ் கொஞ்சம் மனிதரோடு பழகியது. கிணற்றடிப் பூச்சாடிக்குக் கீழே, குளியலறை மூலையில் எல்லாம் இருக்கும். கருமையான முதுகில் செங்கல் நிறத் திட்டுகள். அழகில் இதுதான் கெட்டிக்காரன். இதுவும் மண்ணுக்குள் போகும், ஆனால் மரமும் ஏறும். பாலை மரப் பொந்துக்குள் ஒன்றைக் கண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஊதினால் இரண்டும் பந்துதான். கைவிரலைப் பாருங்கள். நுனி அகன்று தட்டையாக இருந்தால் டப்ரோபானிக்கஸ்.

முள்ளியவளையிலிருந்து:
அண்ணை, சத்தத்தை விட்டுவிட்டீர்களே! வயலில் வெள்ளம் நின்ற இரவு ரோச் அடித்துப் பார்த்தேன். ஆண் தவளைகள் தண்ணீரில் மிதந்தபடியே தொண்டைப் பையை ஊதிக் கத்துகின்றன. "மாரித் தவளை மாதிரிக் கத்தாதை" என்று அம்மா ஏசினது சும்மா இல்லை.

வவுனிக்குளத்திலிருந்து:
செங்கல் நிறக்காரனை என் மகன் அமத்திப் பிடித்துவிட்டான். கையெல்லாம் பசை. சவர்க்காரம் போட்டும் லேசில் போகவில்லை. பிள்ளைகள் அந்தக் கையைக் கண்ணில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நாய் ஒருமுறை கவ்விய வேகத்திலேயே துப்பிவிட்டது.

ஒட்டுசுட்டானிலிருந்து மறுபடி:
தம்பி, அந்த வெள்ளத்தில் விடிய ஒருக்கால் பார்த்திருக்கலாம். இரண்டின் முட்டைகளும் தண்ணீரின் மேல் ஒற்றைப் படலமாக மிதக்கும். வெள்ளம் வற்ற முதல் வாற்பேத்தைகள் கால் முளைத்துக் கரையேற வேண்டும், அதனால்தான் மழை விழுந்தவுடன் இந்த அவசரம். நுளம்புக்குப் பயந்து வளவுப் பள்ளங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். டெங்கு நுளம்பு பெருகுவது பெரும்பாலும் சிரட்டை, பழைய ரயர், தண்ணீர்த் தொட்டிகளில். முதலில் அவற்றைக் கவிழ்த்து வையுங்கள்.