நான்கு டிஸ்க் நாஸ்: ரெய்டு 6, ரெய்டு 10, எது சரி?

கோவையில் வீட்டிலிருந்தே திருமணப் படங்கள் தொகுத்துக் கொடுக்கிறேன். நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) 4 டெராபைட் டிஸ்குகள் நான்கு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி டிஸ்குகளைச் சேர்க்கும் முறை). எல்லாம் 2019-இல் ஒன்றாக வாங்கியவை. சுமார் 5 டெராபைட் நிரம்பியிருக்கிறது.

சென்ற மாதம் மூன்றாவது டிஸ்க் படுத்துவிட்டது. புதியது போட்டு ரீபில்டு (போன டிஸ்கின் தரவை மற்றவற்றிலிருந்து மீண்டும் உருவாக்குவது) தொடங்கினால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. காரணம், முதல் டிஸ்கில் படிக்க முடியாத செக்டர்கள். ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலை பற்றித் தானே தருவது) ‘பெண்டிங் செக்டர்’, அதாவது படிக்கச் சிரமப்படும் செக்டர்களின் எண் ஏறிக்கொண்டே போகிறது. வேறொரு புது டிஸ்க் போட்டுப் பார்த்தேன், ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், பலனில்லை. யுபிஎஸ் இருக்கிறது, சூடும் இல்லை. திறக்க முடிந்த கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்கில் நகலெடுத்தாகிவிட்டது.

இனி எல்லாம் புது டிஸ்குகள்தான். ரெய்டு 6, ரெய்டு 10 இரண்டிலும் கிடைப்பது 8 டெராபைட். ரெய்டு 6-இல் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தப்பும். ஆனால் பாரிட்டிக் (இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தரவு) கணக்கால் எழுதும் வேகம் குறையும். ரெய்டு 10-இல் டிஸ்குகள் ஜோடி ஜோடியாக ஒன்றின் நகலாக மற்றொன்று இருப்பதால் ரீபில்டு வெறும் நகலெடுப்புதான். ஆனால் ஒரே ஜோடி சேர்ந்து போனால் எல்லாம் போச்சு. (ரெய்டு இருக்கப் பேக்கப் எதற்கு என்பவர்களுக்கு: தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்கிலும்தான் அழியும்.) மேகச் சேமிப்பும் யோசித்தேன். என் அப்லோடு வேகம் 50 எம்பிபிஎஸ்; இரவு பகலாக ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும்.

நான்கையும் ரெய்டு 6 அல்லது 10-இல் போடுவதா, இரண்டு 8 டெராபைட் டிஸ்குகளை மிரராக்கி (ஒன்றின் நகலாக மற்றொன்று), மூன்றாவதைப் பேக்கப்பாக அண்ணன் வீட்டில் வைப்பதா?