ஒஹையோ காட்டு மஞ்சப்பூ, ஒரே செடிக்கு ரெண்டு பேரு போட்டிருக்கு, எது சரி?

தாமிரபரணிக்கரை:
தெரிஞ்சவிய யாராச்சும் சொல்லுங்க. எம் மவ ஒஹையோவுல இருக்கா, வீட்டுக்குப் பின்னால மரத்தடியில ஏப்ரல்ல பூத்ததுன்னு ஒரு போட்டோ அனுப்பிருக்கா, மஞ்சப்பூ, நாலு இதழு, தண்ட ஒடிச்சா மஞ்சளா பால் வடியுதாம். பாத்ததும் நம்ம தரிசுல நிக்கிற பிரம்மதண்டுதான் ஞாபகம் வந்துச்சு, ஆனா முள்ளே இல்ல. தேடுனா ஒரு எடத்துல செலிடோனியம் டைஃபில்லம்னு இருக்கு, இன்னொண்ணுல ஸ்டைலோஃபோரம் டைஃபில்லம்னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள மிஷோ, வெளிய நட்டால்னு ரெண்டு ஆள் பேரு. எத எடுத்துக்கிடணும்?

தேரிக்காடு:
அக்கா, ரெண்டும் ஒரே செடிதான், இப்ப செல்லுற பேரு ஸ்டைலோஃபோரம். மிஷோ பிரெஞ்சுக்காரரு, வட அமெரிக்காவுல அலைஞ்சு அலைஞ்சு செடி சேத்தவரு, 1802ல மடகாஸ்கர்ல இறந்துட்டாரு, மறு வருசம் அச்சான அவரு புஸ்தகத்துலதான் இது செலிடோனியம் டைஃபில்லம்னு வந்துச்சு. 1818ல தாமஸ் நட்டால்ங்கிற தாவர ஆராய்ச்சிக்காரரு இது தனிப் பேரினம்னு (நெருங்குன செடிவளச் சேத்த கூட்டம், பேருல மொத வார்த்த அதுதான்) பிரிச்சிட்டாரு, ஆனா மொதல்ல வச்ச டைஃபில்லம் அப்படியே கூட வரும், அதான் முறை. மொதல்ல பேரு வச்சவரு அடைப்புக்குறிக்குள்ள, வேற பேரினத்துக்கு மாத்துனவரு வெளிய. உழைச்சவரு பேரு அழியாம நிக்கிதுல்லா, எனக்கு இந்த முறை ரொம்பப் புடிக்கும். நம்ம நாட்டுக் கருவேலமும் இப்படித்தான், 1753ல லின்னேயஸ் மிமோசா நைலோட்டிகான்னாரு, பொறவு அக்கேசியா ஆச்சு, இப்ப வச்செல்லியா, நைலோட்டிகா மட்டும் மாறவே இல்ல.

களக்காடு மலையடி:
பிரம்மதண்டு ஞாபகம் வந்தது சரிதான் அக்கா, ரெண்டும் கசகசாச் செடி குடும்பம். ஆனா காயப் பாக்காம முடிவு பண்ணாதீய. ஐரோப்பாவுலருந்து போன செலிடோனியம் மாஜுஸ் அங்க களையா பரவிக் கெடக்கு, அதுக்கும் நாலு இதழ் மஞ்சப்பூ, மஞ்சப் பாலு. அதுல பூ சின்னதா இருக்கும், காய் ஒல்லியா வழுவழுன்னு மேல பாத்து நிக்கும். ஸ்டைலோஃபோரத்துக்கு காய் முட்ட வடிவம், மேல ரோமம், கீழ தொங்கும். களைன்னு நெனச்சு இதப் புடுங்கிட்டா பாவம், கனடாவுல இது அழியுற நெலையில இருக்குற செடி.

தாமிரபரணிக்கரை:
மவட்ட கேட்டுட்டேன், ரோமத்தோட தொங்குதாம். விதையில வெள்ளையா என்னமோ ஒட்டிருக்காம், பூசணமா?

தேரிக்காடு:
பூசணம் இல்லக்கா, அது எறும்புக்குத் தீனி, அதுக்காவ எறும்பு விதையத் தூக்கிட்டுப் போயி வேற எடத்துல போடும், அப்படித்தான் செடி பரவுது. அப்ப ஸ்டைலோஃபோரம்தான். பால மட்டும் கண்ணுல படாம பாத்துக்கிடச் சொல்லுங்க.