விண்டோஸ் லேப்டாப்புக்கு டெக் லைவா, மிக்டெக்கா?

கேள்வி:
வணக்கம். கணிதத்தில் ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை கல்லூரி ஆய்வகத்துக் கணினியில்தான் லேடெக் (கணிதக் குறியீடுகளோடு ஆவணம் அச்சுக்கோக்கும் மென்பொருள்), அங்கே எல்லாம் முன்பே போட்டு வைத்திருந்ததால் எதை நிறுவுவது என்ற யோசனையே வந்ததில்லை. இப்போது வீட்டு லேப்டாப்பில் போட வேண்டும். விண்டோஸ் 11, டிஸ்கில் 40 ஜிபி காலி. நெட் செல்போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. லேடெக்கை நிறுவ டெக் லைவ், மிக்டெக் என்று இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன, அதில் டெக் லைவ் முழுதாகப் போட்டால் சுமார் 8 ஜிபி பிடிக்கும் என்கிறார்கள். நன்றியுரை தமிழில் வரும். எதைப் போடலாம்?

பதில் 1:
உங்கள் டேட்டாவுக்கு மிக்டெக்தான் கட்டுப்படியாகும். முதலில் அடிப்படை மட்டும் இறங்கும், அப்புறம் ஆவணத்தில் எந்த பேக்கேஜைக் (கூடுதல் வசதி தரும் துணைத் தொகுப்பு) கூப்பிடுகிறீர்களோ அதை அப்போதே இறக்கிக்கொள்ளும்.

பதில் 2:
அங்கேதான் எனக்குத் தயக்கம். புது பேக்கேஜ் கேட்கும் நேரத்தில் சிக்னல் இல்லை என்றால் வேலை நின்றுவிடும், ஆய்வேட்டில் அது எந்த ராத்திரி வரும் என்று சொல்ல முடியாது. இடம்தான் இருக்கிறதே, டெக் லைவ் முழுதையும் போட்டுவிடுங்கள். ஆய்வகத்து நெட்டில் ஐஎஸ்ஓ கோப்பை (முழுத் தொகுப்பும் ஒரே கோப்பாக இருப்பது) பென்டிரைவில் எடுத்து வாருங்கள். ஒன்று கவனம்: அந்தக் கோப்பு 4 ஜிபிக்கு மேல், ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது. நான் அரை நாள் தரவிறக்கிவிட்டுக் கடைசியில் நகலெடுக்க முடியாமல் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். முதலிலேயே எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவும்போது விளக்கக் கோப்புகள், மூலக் கோப்புகள் இரண்டையும் விட்டுவிட்டால் இடம் நன்றாகவே குறையும்.

பதில் 3:
தமிழுக்கு இரண்டில் எதுவும் சரி, ஆனால் ஆவணத்தை பிடிஎஃப் ஆக்கும் நிரல்களில் பிடிஎஃப்லேடெக் வேண்டாம், ஸீலேடெக்கில் ஓட்டுங்கள். எழுத்துரு வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் (Script=Tamil) என்று கட்டாயம் கொடுங்கள், இல்லாவிட்டால் ‘கெ’ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம். லுவாலேடெக் என்ற இன்னொரு நிரல் என்றால் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் (Renderer=HarfBuzz) என்றும் சேர்க்க வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போதும், அச்சில் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திங்கட்கிழமை பென்டிரைவோடு ஆய்வகம் போகிறேன். டெக் லைவ் ஆண்டுதோறும் புதிதாக வருமாமே, ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம். அடுத்த பதிப்பு வந்ததும் பழையதற்குப் புதுப்பிப்பு நின்றுவிடும், அவ்வளவுதான், வேலை செய்வது நிற்காது. ஆய்வேடு கையை விட்டுப் போகும்வரை இதிலேயே இருங்கள்.