பழைய ரேஸ் குதிரை, கேன்டர் எண்டாலே பறக்குது. யாராவது உதவுங்கோ

வெள்ளவத்தைச்_சுதா:
வணக்கம். தமிழில குதிரை ஓடுற ஆக்கள் இஞ்ச எத்தின பேர் இருக்கிறீங்களோ தெரியேல்ல, எண்டாலும் கேட்டுப் பாப்பம். கிழமையில மூண்டு நாள் விடிய அஞ்சு மணிக்கே வெளிக்கிட்டு கொழும்புக்கு வெளிய ஒரு லாயத்துக்குப் போறனான். அங்க நான் ஓடுறது ஒரு பெட்டைக் குதிரை, தறோபிரெட் எண்ட ரேஸ் இனம், ஒன்பது வயசு, நுவரெலியாவில ரேஸ் ஓடி ரிட்டயர் ஆகி வந்தது. பேர் சாந்தி. வச்ச ஆள் ஆரோ, நல்ல பகிடிக்காரன்.

நடக்கேக்க தங்கம். ட்ரொட், அதான் துள்ளுநடை, அதுவும் பரவாயில்ல. அதுக்கு அடுத்த வேகமான கேன்டர் ஓட்டம்தான் பிரச்சினை, நான் காலால கேக்க முன்னமே தலையைத் தூக்கி பக்கம் பக்கமா ஆடத் தொடங்கீடும், பிறகு ஒரே பாய்ச்சல், நான் ரெயினை (கடிவாள வாரை) இழுக்க அது அதைவிட இழுக்க, கோச் நடுவில நிண்டு "பிடி பிடி" எண்டு கத்த, கை முழுக்கக் கொப்புளம். எங்கட மைதானம் 40 மீற்றர்தான் நீளம், மழை பெய்ஞ்சா மூலையெல்லாம் சேறு. போன கிழமை பின்கால் வழுக்கி விழப் பாத்தம். இடப்பக்கம் சுத்தினா ஓரளவு சமாளிக்கலாம், வலப்பக்கம்தான் படுமோசம். அம்மாவுக்கு இது ஒண்டும் தெரியாது, தெரிஞ்சா குதிரையோட சேர்த்து என்னையும் வித்துப்போடுவா.

தலையைத் தூக்க விடாத மாட்டிங்கேல் வார் போட்டுப் பாத்தாச்சு. ஏற முதல் அரை மணித்தியாலம் லன்ஜ் கயித்தில (நிலத்தில நிண்டு பிடிக்கிற நீளக் கயிறு) சுத்தவிட்டுக் களைக்க வச்சும் பாத்தாச்சு. களைக்கேல்ல, இன்னும் ஃபிட் ஆனதுதான் மிச்சம்.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
பிட்டை, அதான் வாயில போடுற கடிவாள இரும்பை, மாத்துங்க சிஸ்டர். கொஞ்சம் ஸ்ட்ரோங்கான பிட் போட்டா ரெண்டே நாள்ல வழிக்கு வரும். குதிரை குணமறிஞ்சுதான் தம்பிரான் கொம்பு குடுக்கலன்னு சும்மாவா சொன்னாங்க.

மலைநாட்டான்:
ஸ்ட்ரோங் பிட் வேணாம் அக்கா, தயவுசெஞ்சு. எங்கப்பா நுவரெலியாவுல ரேஸ் லாயத்துல வேலை பாத்தவரு, நானும் சின்ன வயசுல ஏப்ரல் சீசன் முழுக்க சாணி அள்ளிக்கிட்டு அங்கதான் கெடப்பேன், இப்ப வத்தளையில இருக்கேன். ரேஸ் குதிரைக்கு ரெயின் இறுகுனா "நில்லு"ன்னு அர்த்தமே இல்லங்க. ஜொக்கி ரெயினை சுருக்கிப் பிடிச்சு முன்னுக்கு சாய்வாரு, குதிரை அந்தக் கையில பாரத்தப் போட்டுக்கிட்டு ஓடும். ஓட்டம் முடிஞ்சாதான் எழும்பி நின்னு கையத் தளத்துவாரு. அப்ப நீங்க இழுக்க இழுக்க சாந்திக்கு என்ன வெளங்கும், "அக்கா இன்னும் வேகமா போகச் சொல்றாங்க"ன்னுதான். அது குழப்படி பண்ணல, படிச்ச பாடத்த ஒழுங்கா ஒப்பிக்குது.

ஒண்ணு கேக்குறேன், கேன்டர் கேக்க முந்தி நீங்க ரெயினை சுருக்கி கொஞ்சம் முன்னுக்கு சாயுறீங்களா?

வெள்ளவத்தைச்_சுதா:
ஐயோ. ஓம். பயத்தில ரெண்டும் செய்யிறன். நேற்று தங்கச்சி எடுத்த வீடியோவைப் பாத்தா அசல் ஜொக்கிதான், தொப்பி மட்டும்தான் வேற.

மலைநாட்டான்:
அப்ப கதை வெளங்கிருச்சு. ரெண்டு கெழமைக்கு கேன்டரே வேணாம். நடக்கும்போது ரெயினை சுருக்குங்க, ஒண்ணும் கேக்காதீங்க, திரும்ப விடுங்க. பத்து தடவை, இருவது தடவை. ரெயின் சுருங்குனா ஒண்ணுமே நடக்காதுன்னு அதுக்கு போரடிக்கணும். பொறகு ட்ரொட்லயும் அதே மாதிரி. நடை, ட்ரொட், நடை, நிறுத்தம்னு மாத்தி மாத்தி செய்ங்க, ஒரே எடத்துல செய்யாதீங்க, எந்த மூலையில கேப்பீங்கன்னு குதிரை மனப்பாடம் பண்ணிக்கும்.

அப்புறம்தான் கேன்டர், அதுவும் 20 மீட்டர் வட்டத்துல, நேர்ல இல்ல. வட்டத்துல பாய எடமும் கெடையாது, வளைஞ்சுக்கிட்டே போகணும்ங்கிறதால வேகம் தானா கொறையும். ட்ரொட்ல நல்லா ஒக்காந்து, நிமிர்ந்து, வட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிற உங்க காலை கொஞ்சம் பின்னுக்கு வச்சு மெதுவா கேளுங்க. அஞ்சாறு எட்டு (அடி) போனதும் சூடேறுறதுக்கு முந்தியே ட்ரொட்டுக்கு வந்துருங்க. அது பாயத் தொடங்குனதும் நிறுத்துறது இல்ல, நல்லா போகும்போதே நிறுத்தணும், இதுலதான் எல்லாரும் தவறுறாங்க, நல்லா போகுதே இன்னும் ஒரு ரவுண்டு போவோம்னு ஆச வந்துரும். வந்ததும் ரெயினை நீளமா விட்டு நடக்க விடுங்க. பாஞ்சிட்டா இழுத்துக்கிட்டே தொங்காதீங்க, பிடிச்சு விடு, பிடிச்சு விடுன்னு செஞ்சுக்கிட்டே வட்டத்த மெதுவா சின்னதாக்குங்க. ஈரத்துல சடார்னு திருப்பினீங்கன்னா ரெண்டு பேரும் கீழ.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க, பாட்டு பாடுங்க. கேன்டர்ல குதிரை ஒரு எட்டுக்கு ஒரு மூச்சுதான் விடும். நீங்க மூச்சப் பிடிச்சு விறைச்சா அதுவும் விறைக்கும், பாடுனா மூச்ச அடக்க முடியாது.

பேராதனைப்_பிள்ளை:
மலைநாட்டான் அண்ணா சொன்னது சரி, ஆனா அதுக்கு முதல் ஒரு விஷயம். நான் மிருக வைத்தியம் படிக்கிறன், இன்னும் டொக்டர் இல்ல, அதால கட்டாயம் ஒரு வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. வலப்பக்கம் மட்டும் மோசம் எண்டது எனக்கு யோசனையா இருக்கு. முதுகு, பின்கால், பல்லு, சேணம், எதில நோ எண்டாலும் குதிரை ஓடித்தான் தப்பப் பாக்கும். சேணத்தைக் கழட்டின உடன முதுகைப் பாருங்கோ, சுத்திவர வேர்வையா இருந்து நடுவில காய்ஞ்ச திட்டு இருந்தா அந்த இடத்தில சேணம் அமத்துது எண்டு சந்தேகப்படலாம்.

அடுத்தது, ஓட முதல் கடைசியா எப்ப சாப்பிட்டது? குதிரையின்ர வயிறு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வயித்தின்ர மேல் பாதிக்கு அதைத் தாங்கிற பாதுகாப்பு குறைவு. வெறும் வயித்தோட கேன்டர் போனா அந்த அமிலம் மேல தெறிக்கும். ரேஸ் குதிரையளில வயித்துப்புண் சர்வ சாதாரணம்.

வெள்ளவத்தைச்_சுதா:
தங்கச்சி, நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. இரவு ஏழு மணிக்குப் புல்லும் தவிடும், பிறகு நான் விடிய ஆறேகாலுக்கு ஏறி இறங்கின பிறகுதான் அடுத்த சாப்பாடு. பதினொரு மணித்தியாலம்! இண்டைக்கு சேணத்தைக் கழட்டிப் பாத்தன், தோளுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவில காய்ஞ்ச திட்டு. அது வேற குதிரையின்ர சேணமாம். இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்ல.

பேராதனைப்_பிள்ளை:
அப்ப நோ இருந்திருக்கும், பாவம். சேணத்தை மாத்தாமல் ஏறாதேங்கோ அக்கா. ஓட அரை மணித்தியாலத்துக்கு முதல் ரெண்டு மூண்டு கை நறுக்கின வைக்கோலோ புல்லோ குடுங்கோ, அமிலம் தெறிக்கிறதை அது குறைக்கும். தானியத்தைக் குறைச்சு புல்லைக் கூட்டச் சொல்லுங்கோ. குளிர் ஊரில இருந்து வந்தது இந்த வெக்கைக்கு உப்பும் தண்ணியும் இல்லாமல் தாங்காது, அதையும் பாருங்கோ.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
சரி சரி, பிட் கதைய வாபஸ் வாங்குறேன். நான் ஓட்டின குதிரையும் ரெண்டு நாள் அடங்கி அப்புறம் தலைய மேல எறியத்தான் தொடங்கிச்சு, அதை முதல்ல சொல்லல.

வெள்ளவத்தைச்_சுதா:
அஞ்சு கிழமைக்குப் பிறகு எழுதுறன். வைத்தியர் வந்தார், வலப்பக்கப் பல்லில கூர் இருந்ததாம், ராவி விட்டார். வேற சேணம் இரவல் வாங்கினம். ரெண்டு கிழமை ரெயின் சுருக்கி விட்டு, சுருக்கி விட்டு, எனக்கே கொட்டாவி வந்திட்டுது, மூண்டாம் கிழமையில சாந்தியும் மூக்கால "ப்ர்ர்ர்" எண்டு ஊதித் தலையைக் கீழ போட்டுது. இப்ப இடப்பக்கம் ஒரு முழு வட்டம், வலப்பக்கம் ஆறேழு எட்டு. செவ்வாய்க்கிழமை மதிலுக்கு அங்கால ஒரு த்ரீவீல் பட பட எண்டு வெடிச்சு எல்லாம் குழம்பிப் பழையபடி பாய்ஞ்சுது, நான் முதல்ல இழுத்தன், பிறகு ஞாபகம் வந்து கையை விட்டுட்டு பிள்ளையார் பாட்டைச் சத்தமாப் பாடினன், ரெண்டு வட்டத்தில ட்ரொட்டுக்கு வந்திட்டுது. கோச் "பிடி" எண்டு கத்துறதை விட்டிட்டார், பாட்டு வேண்டாம் எண்டு மட்டும் சொல்றார்.

மலைநாட்டான், வட்டத்தை விட்டு நேரா எப்ப போகலாம்?

மலைநாட்டான்:
வலப்பக்கமும் ஒரு முழு வட்டம், மூணு நாள் தொடர்ந்து பாயாம வரட்டும். அப்புறம் வட்டத்துல இருந்து நீளப் பக்கத்துல நாலு எட்டு மட்டும் நேரா விட்டு திரும்ப வட்டத்துக்கே கொண்டு வாங்க. பாட்ட விட்றாதீங்க.